பயிற்சித் தாளில் தெரியும் கை

என்னிடம் பார்த்துச் சொல்ல வரும் தாள்களில் பெரும்பாலானவற்றை யாரும் ஃபிரேம் போட்டு மாட்டமாட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க நேர்கோடுகள், இன்னொரு பக்கம் முழுக்க எலிப்ஸ் என்கிற நீள்வட்டங்கள், அப்புறம் பெட்டிகள், வெளுப்பிலிருந்து கறுப்புவரை பென்சிலால் நிரப்பிய கட்டங்கள். மதுரையில் வாரக் கடைசியில் ஓவிய வகுப்பு நடத்துகிறேன். அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் எழுதப்போகும் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஆர்கிடெக்சர் சேர ‘நாட்டா’ எழுதுகிறவர்கள் வருகிறார்கள். சின்ன வயதில் விட்டுப்போன ஆசையை இப்போது பிடித்துக்கொண்ட ஐ.டி. ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் என்று பெரியவர்களும் உண்டு. எல்லோருக்கும் தொடக்கப் பயிற்சிகள் ஒன்றுதான். வார நாட்களில் வீட்டில் போட்டதை வாட்ஸப்பில் அனுப்புவார்கள்.

அதைப் பார்த்துக் கருத்து சொல்வதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. வரையச் சொல்லித் தருவதைவிடக் கடினம். கோடு கோணலாக இருக்கிறது என்பது போட்டவருக்கே தெரியும். அதையே நானும் சொன்னால் அவருக்கு என்ன லாபம்? அந்தக் கோடு எப்படிப் போடப்பட்டது என்று தாளிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு போட்டாரா, பாதியில் பயந்து நிறுத்தினாரா, முடித்தால் போதும் என்று இழுத்தாரா? அதைச் சொன்னால்தான் அடுத்த கோடு மாறும்.

அதனால் தாளை முதலில் மொத்தமாகத்தான் பார்ப்பேன். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மேலே தயங்கித் தயங்கிப் போட்டவர், நடுவில் கை இளகி, கீழே நன்றாகவே போட்டிருந்தால் அவருக்குத் தேவை உட்கார்ந்ததும் ஐந்து நிமிட வார்ம்-அப், அவ்வளவுதான். மேலே நன்றாக இருந்து கீழே போகப்போகச் சிதறியிருந்தால், எப்படியாவது பக்கத்தை நிரப்பி அனுப்பிவிட வேண்டும் என்று ஓடியிருக்கிறார். இரண்டு பேருடைய மோசமான கோடுகளையும் தனியாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. சொல்ல வேண்டியதோ இருவருக்கும் நேர் எதிரானது.

இதற்குப் படத்தை ஒழுங்காக எடுத்து அனுப்ப வேண்டும். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தால் தாளே ஒரு பக்கம் குறுகிவிடும், எலிப்ஸ்கள் நசுங்கிவிடும். நசுக்கியது கையா, போனா என்று எப்படிச் சொல்வது? ஜன்னல் வெளிச்சத்தில் தாளைத் தரையில் வைத்து, நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிய எடுங்கள் என்று புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

நேர்கோட்டுப் பயிற்சிகளில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அதன் மேலேயே வெறுங்கையால் எட்டு முறை போட வேண்டும். சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும், ரப்பருக்கு வேலை இருக்கக் கூடாது. எட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழாது, எங்கேயாவது பிரியும். பிரியும் இடம் நிறையச் சொல்லிவிடும். முடிகிற பக்கம் பிரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை, கை பழகப் பழகக் குறைந்துவிடும். தொடங்குகிற பக்கமே பிரிந்திருந்தால் அதற்கும் கைத்திறனுக்கும் சம்பந்தம் இல்லை. பேனா முனையைப் புள்ளியில் வைக்க அரை நொடி பொறுக்கவில்லை. அதை இன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

எட்டுக் கோடும் பிரியவே இல்லை, ஆனால் நடுங்கி நடுங்கிப் போயிருக்கிறது என்றால், கீழே இருக்கும் ஸ்கேல் கோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் பார்ப்பவர்களுக்கு இந்தத் தாள்தான் ‘நீட்டாக’த் தெரியும். மறுபடி போடச் சொல்லி நான் முதலில் திருப்பி அனுப்புவதும் இதைத்தான். கோடு வழுவழுவென்று ஓடிப் புள்ளியைத் தவறவிடட்டும், பரவாயில்லை. ஓட்டம் வந்த கைக்குக் குறி பின்னால் வந்துவிடும். ஊர்ந்தே பழகிய கையை ஓட வைப்பது சிரமம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்கு நான் எழுதி அனுப்புவது இவ்வளவுதான்: பேனா தாளில் படாமல் கோட்டின் மேலே இரண்டு மூன்று முறை கையை ஓட்டிப் பாருங்கள். கைக்குத் திசை பிடிபட்டதும் இறக்குங்கள். இறக்கிய பிறகு திருத்தாதீர்கள்.

தடவித் தடவி, முடி முடியாகக் கோடு போடுவது இன்னொரு பழக்கம். வகுப்பில் சேர்ந்த ஒரு அம்மாவின் தாள்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒரு வளைவைப் போடப் பத்துப் பன்னிரண்டு சின்னக் கீறல்கள். “எனக்குக் கை வராது சார்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டுவார். ஒருநாள் பேச்சுவாக்கில், மார்கழி முழுக்க வாசலை அடைத்துச் சிக்குக் கோலம் போடுவேன் என்றார். புள்ளி வைத்து, குனிந்து நின்று, மாவு இழை அறுந்துவிடாமல் புள்ளிகளைச் சுற்றி வளைத்து இழுக்கிற கை அது. அந்த வளைவு தோளிலிருந்து வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பென்சிலைப் பிடித்ததும் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதிய கை வந்துவிடுகிறது. விரல்கள் மட்டும் அசைகின்றன. சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டி, பென்சிலை முனையிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, “நின்னுக்கிட்டே, கோலம் போடுற மாதிரி இழுங்கம்மா” என்றேன். சில கோடுகளுக்குள்ளேயே கீறல் போய்விட்டது. அந்த வாரம் அவர் தாளில் நான் எழுதிய குறிப்பு ஒன்றே ஒன்று: மேசையை விட்டு எழுந்து நின்று போடவும்.

பெட்டிகளுக்கு வருவோம். பயிற்சியில் பாதிப் பேர் சோர்ந்துபோகும் இடம் இதுதான். ஸ்கேல் இல்லாமல், பார்த்து வரைய எதுவும் இல்லாமல், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியிருக்கும் பெட்டிகளை வரைய வேண்டும். பெட்டிக்குப் பன்னிரண்டு விளிம்பு. நிஜத்தில் நான்கு நான்காக இணையாக இருப்பவை, தாளில் நம்மை விட்டு விலகிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்க வேண்டும். வரைந்து முடித்ததும் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு விளிம்பையும் பின்பக்கமாக நீட்டிப் பார்க்கச் சொல்வேன். உடனே குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவில் இருக்கும் இரண்டு கோடு சமமாகப் போகும், ஓரத்தில் இருக்கும் ஒன்று சீக்கிரமே உள்ளே வெட்டும், இன்னொன்று நெருங்காமல் விரிந்துகொண்டே போகும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு விளிம்பை வரையும்போது பக்கத்தில் இருக்கும் ஒரு கோட்டை மட்டும் பார்த்திருக்கிறார். நான்கையும் ஒரு குடும்பமாகப் பார்க்கவில்லை. மறைந்திருக்கும் பின் மூலையில் கோடுகள் சேராமல் போவதும் இதனால்தான்.

சிவப்புக் கோட்டை நான் போடமாட்டேன், அவரே போட வேண்டும். சிவப்பு மை பட்டாலே தப்பு என்று நம் பள்ளிகள் பழக்கிவைத்திருக்கின்றன. தன் கையால் நீட்டும்போது அது அளவெடுப்பதாகிவிடுகிறது.

பெட்டி வரவில்லை என்று வெட்கப்படுகிற பெரியவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. கோடுகள் ஒரு புள்ளியில் குவியும் இந்தக் கணக்கை இத்தாலியில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்துகாட்டினார், 1435இல் ஆல்பெர்ட்டி என்ற அறிஞர் அதை எழுதிவைத்தார். அஜந்தாவிலோ தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களிலோ இந்த முறை கிடையாது. அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. மனிதக் கண்ணுக்கு இது பிறவியிலேயே வரும் விஷயமில்லை. இரண்டு மாதம் பெட்டி போட்டும் பிடிபடவில்லையே என்று ஒருவர் தன்னை நொந்துகொள்ள இதில் எதுவும் இல்லை.

பொருளைப் பார்த்து வரையும் மாடல் டிராயிங்குக்குப் போனால் என் முதல் பொருள் சில்வர் டம்ளர். எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், ஏமாற்றவும் செய்யும். ஏறக்குறைய எல்லோரும் வாயை நல்ல வட்டமாகப் போடுவார்கள், அடியைத் தட்டையாக ஒரே கோட்டில் முடிப்பார்கள். வாய் வட்டம் என்று தெரியும், மேசை சமதளம் என்று தெரியும், தெரிந்ததை வரைகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் டம்ளரின் வாய் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே அது ஒடுங்கின எலிப்ஸ். அடி கண்மட்டத்துக்கு இன்னும் கீழே, ஆகவே அதன் வளைவு இன்னும் அதிகம். இதை வாயால் விளக்கிப் பிரயோஜனம் இல்லை. டம்ளரைக் கையில் எடுத்துக் கண் உயரத்துக்குத் தூக்கி, வாய் ஒரே கோடாகிற இடத்தில் நிறுத்தச் சொல்வேன். அங்கிருந்து மெதுவாக இறக்கச் சொல்வேன். வாய் திறந்துகொண்டே வருவதைப் பார்த்துவிட்டவருக்கு அப்புறம் நான் எதுவும் எழுத வேண்டியிருக்காது.

ஷேடிங் தாள்களில் நான் சொல்வது எப்போதும் கொஞ்சம்தான். கறுப்பைக் கண்டு பயப்படுகிறார்கள், ஒரே எச்பி பென்சிலை வைத்து விரலால் தேய்த்து எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கிவிடுகிறார்கள். இன்னும் கறுப்பாக எழுதும் 4பி பென்சிலை எடுங்கள், தேய்க்காதீர்கள், கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முடிந்தது.

ஆனால் ஒரு பையனுடைய ஹேச்சிங் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் சாய்கோடுகள் போட்டு நிழல் காட்டுவதுதான் ஹேச்சிங். கோடுகள் திணறிக்கொண்டு, ஒவ்வொன்றும் பாதியில் வளைந்து கிடந்தன. பேனா போன பாதையைப் பார்த்தால், இழுக்க வேண்டிய கோட்டைத் தள்ளிக்கொண்டு போட்டது மாதிரி இருந்தது. “எந்தக் கைப்பா?” என்று கேட்டேன். இடது கை. இதற்கு முன் கற்றுக்கொண்ட இடத்தில், கோடுகள் வலது மேல்மூலையிலிருந்து இடது கீழ்மூலைக்குத்தான் சரிய வேண்டும் என்று சொல்லித் திருத்தித் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அது வலது கைக்காரர்களின் சாய்வு. லியனார்டோ டாவின்சி இடது கைக்காரர். அவருடைய ஹேச்சிங் இடது மேலிருந்து வலது கீழாகத்தான் சாய்ந்திருக்கும். ஒரு ஓவியம் அவர் கையா, வேறு கையா என்று அறிஞர்கள் பார்க்கும்போது அந்தச் சாய்வையும் ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வரைந்த ஒரு பக்கத்தைக் காட்டினேன். பையன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வரைந்த கையைப் பார்க்காமல் வரைந்ததை மட்டும் திருத்தினால் இப்படி ஒரு பிள்ளை வருடக்கணக்கில் தன் உடம்போடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனது ஆறுவதில்லை.

ஒரு தாளுக்கு ஒரு குறிப்பு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஏழெட்டுக் குறை கண்ணில் படும். எல்லாவற்றையும் எழுதினால் வாங்குகிறவர் எதையும் செய்யமாட்டார். எந்த ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானே சரியாகும் என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. மறுபடி போடச் சொன்னாலும் அரைப் பக்கம் போதும். “எத்தனை மார்க் சார்?” என்று அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மார்க் போடுவதில்லை. போட்டால் அடுத்த தாளை மார்க்குக்காக வரைவார்கள், மெதுவாக, நீட்டாக, நடுங்கிக்கொண்டு.

மாணவர் தாளில் நான் பென்சில் வைப்பதும் இல்லை. இது எனக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பழக்கம். அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி வளர்ந்து உருவான கல்லூரி அது. எதைக் காட்ட வேண்டுமானாலும் எங்கள் தாள்மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து அதில் கோடு போட்டுக் காட்டுவார். பார்த்து முடித்ததும் அதை எடுத்துவிடுவார். தாள் நாங்கள் வரைந்தபடியே இருக்கும். ஜாடியின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பி எங்கள் கையிலேயே கொடுப்பார். வாட்ஸப்பில் வருகிற படத்தை நானும் அப்படித்தான் திருப்பிப் பார்க்கிறேன்.

எந்தக் கட்டத்தில் ‘போதும், அடுத்ததுக்குப் போங்கள்’ என்பது? சிலர் நேர்கோடு சுத்தமாக வரும்வரை பெட்டிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டாம். பயிற்சி எதைக் கேட்கிறது என்று புரிந்து, தன் தவறு எங்கே என்று தானே காட்டத் தெரிந்துவிட்டால் நான் அனுப்பிவிடுவேன். மீதி வார்ம்-அப்பில் வந்துசேரும்.

பயிற்சித் தாள்களோடு சேர்த்து, இஷ்டப்பட்டதை வரைந்த ஒரு படமும் வர வேண்டும் என்று கேட்டு வாங்குவேன். அதற்குக் கருத்து சொல்வதில்லை, அவர்களாகக் கேட்டாலொழிய. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் பஸ்தான் வரைவான். முன்பக்கமும் பக்கவாட்டும் தெரிகிற கோணத்தில், ஜன்னல் கம்பிவரை விடாமல் போடுவான். சக்கரங்கள் மட்டும் செங்குத்தான எலிப்ஸாக, கழன்று வெளியே விழப்போவது மாதிரி இருக்கும். சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லவில்லை. கடைசியில் அவனே வந்தான். “சார், டயரு மட்டும் ஏன் தள்ளிக்கிட்டு நிக்குது?”

டிரேசிங் பேப்பரை எடுத்தேன். எலிப்ஸின் குறுக்குப் பக்க அச்சு, சக்கரத்தின் அச்சாணி போகும் திசையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் அச்சாணி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முன் பம்பரைக் காட்டினான். சரி, பம்பர் கோட்டை நீட்டு என்றேன். நீட்டினான். பம்பர், கண்ணாடியின் அடி விளிம்பு, அச்சாணி மூன்றும் ஒரே புள்ளிக்குத்தான் ஓட வேண்டும் என்று பெட்டிப் பயிற்சியில் செய்தது அவனுக்கே ஞாபகம் வந்தது. சக்கரத்தை அந்த அச்சில் கொஞ்சம் சாய்த்துப் போட்டதும் பஸ் தரையில் உட்கார்ந்தது. அடுத்த வாரம் வந்த பஸ்ஸில் முன் சக்கரம் சரியாக இருந்தது. பின் சக்கரம் இன்னும் தள்ளிக்கொண்டுதான் நின்றது.