வெளியே போகாத பூனைக்கும் பார்வோ வரும்: பொட்டு பிழைத்து வந்த கதை

"வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு எதுக்குங்க ஊசி?" என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பூனை வெளியே போகாவிட்டாலும் நாம் போய்விட்டு வருகிறோமே! எங்கள் பொட்டுவுக்கு வந்த பார்வோ அப்படித்தான் வந்தது. பூனைகளுக்கு வரும் இந்தப் பார்வோ வைரஸ் நோயைப் பேன்லியுக்கோபீனியா என்றும் சொல்வார்கள்.

பொட்டு அப்போது பத்து வாரக் குட்டி. முதல் ஊசி போட்டாகிவிட்டது, இரண்டாவதுக்கு நாள் குறித்திருந்தோம். ஒருநாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக் குறுகி உட்கார்ந்திருந்தது. தண்ணீரையே பார்க்கிறது, ஒரு வாய் குடிக்கவில்லை. தாகம் இருக்கும், குமட்டல் குடிக்க விடாது என்று டாக்டர் பிறகு விளக்கினார். மதியத்துக்குள் மஞ்சள் நுரையாக வாந்தி. பேதி இல்லை. பேதி இல்லாததால் சாதாரண செரிமானக் கோளாறு என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இந்த நோயில் பேதி பின்னால்தான் வரும். சில குட்டிகளுக்கு அது வருவதற்குள் உயிரே போய்விடும்.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார், 104 டிகிரி. பூனைக்கு 102.5 வரை சாதாரணம். நாய்களுக்குப் பார்வோ பார்க்கும் அதே கிட்டில் மலத்தைச் சோதித்தார்கள், நெகட்டிவ். "இதை வெச்சு இல்லன்னு சொல்ல முடியாதும்மா, ரத்தம் பார்த்துடலாம்" என்றார். வெள்ளை அணுக்கள் 900. குறைந்தது ஐயாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் போகும். எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்தோலும் அப்படிப்பட்டவை. குடல் அரிக்கப்படுவதால் அங்கிருக்கும் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கிறது, அதை எதிர்க்க வெள்ளை அணுக்களும் இல்லை. பெரும்பாலான குட்டிகள் இதில்தான் சாகின்றன.

ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டே டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். குட்டிக்கு என்ன வயசு, ஊசி எத்தனை, வீட்டில் வேறு பூனை உண்டா, மண் தட்டு தனித்தனியா, தெருவில் பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ சமீபத்தில் செத்ததா. கடைசிக் கேள்வியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் அடுக்ககத்தின் பைக் நிறுத்தும் இடத்தில் ஒரு தாய்ப்பூனையின் குட்டிகள் அந்த வாரம்தான் ஒவ்வொன்றாகச் செத்தன. வண்டி ஏற்றிவிட்டார்கள், யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றெல்லாம் பேசிக்கொண்டோம். அதே தரையை மிதித்துத்தான் எல்லோரும் படியேறி வருகிறோம். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, அதனால் காய்ந்த தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். செருப்பு போதும், நோயுற்ற பூனையே வர வேண்டியதில்லை.

நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய நாய்ப் பார்வோ, இந்தப் பூனை வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். அதன் பிந்தைய வகைகள் பூனையையும் தொற்றும்.

ஊசி போட்டும் ஏன் வந்தது? இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். தாயிடமிருந்து சீம்பால் வழியாகக் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கும் வரை போடும் தடுப்பூசியையும் அதுவே முறியடித்துவிடும். சில வாரங்களில் அது தேய்ந்து, நோயைத் தடுக்கும் அளவுக்குக் கீழே போய்விடும். ஊசியை முறியடிக்கும் அளவுக்கு மட்டும் இன்னும் மிச்சம் இருக்கும். அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எப்போது வரும் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் தாண்டும் வரை போடச் சொல்கிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு" என்பது தொடக்கம் மட்டும்தான். பொட்டு சரியாக அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டது.

வைரஸைக் கொல்லும் மருந்து என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. உடம்பு தானாகத் தேறும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை: ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, ஆன்டிபயாடிக், குளூக்கோஸ், சூடு. முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும் என்றார். அந்த நாட்களில் கேனுலா போட்ட அந்தச் சின்னக் காலை நான் பிடித்துக்கொள்ள, நர்ஸ் தம்பி ட்ரிப்ஸ் குழாயை வெந்நீர்ப் பாட்டிலில் சுற்றிவைப்பார், உடம்புச் சூடு இறங்கிவிடக் கூடாதென்று. வாந்தி அடங்கியதும், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியை மசித்துச் சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். வெள்ளை அணுக்கள் 2,400 ஆனதைப் பார்த்து நான் ஆஸ்பத்திரியிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு சுத்தம் செய்வது பெரிய வேலை. நம் வீடுகளில் சுத்தம் என்றால் பினாயில், டெட்டால். பூனை இருக்கும் வீட்டில் இரண்டுமே ஆகாது. அவற்றிலுள்ள பீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே விஷம். சானிட்டைசரில் இருக்கும் ஆல்கஹாலுக்கு இந்த வைரஸ் அசையாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும். வேலை செய்வது ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர், லிட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லி. முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கையும் மூத்திரத்தையும் நன்றாக அலசிவிட வேண்டும், அப்புறம்தான் ப்ளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் பலன் இல்லை, மூத்திரத்தோடு கலந்தால் நெடியே ஆபத்து. பத்து நிமிடம் ஈரமாகவே விட்டு, பிறகு கழுவிக் காயவைக்க வேண்டும். ப்ளீச் ஏறாத எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டி, கயிறு சுற்றிய நகக்கட்டை, பொட்டு படுத்த சாக்கு எல்லாம் போனது.

எங்கள் பெரிய பூனை செம்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு எல்லா ஊசியும் முடிந்து, ஒரு வயதில் பூஸ்டரும் போட்டிருந்தது. ஒரே வீடு, ஒரே தரை. இருந்தாலும் பொட்டுவைத் தனி அறையில் வைத்து, எப்போதும் செம்பாவுக்கு முதலில், பொட்டுவுக்குக் கடைசியில் என்று சாப்பாடு வைத்தோம். அந்த அறைக்குத் தனிச் செருப்பு, தனி நைட்டி. தேறிய பிறகும் ஆறு வாரம் வரை மலத்தில் வைரஸ் வெளியேறலாம் என்பதால் அதுவரை பிரித்தே வைத்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா தன் பேரக்குழந்தைக்கு வந்துவிடுமோ என்று பயந்தார். இது மனிதருக்கு வராது.

இதே நோயில் குட்டியைப் பறிகொடுத்த ஒரு தோழி, இன்னொரு குட்டி எடுக்கலாமா என்று கேட்டாள். அந்த வீட்டுக்கு இப்போதைக்குக் குட்டி வேண்டாம், ஊசி எல்லாம் முடிந்த பெரிய பூனை என்றால் பரவாயில்லை என்றேன். கருத்தடையும் ஆன ஒரு பெட்டைப் பூனையை இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.