சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஒரே மூச்சில்

நியூயார்க் பயணம் உறுதியானதும், சாங்கி விமான நிலையத்துக்கும் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்றுதான் முதலில் பார்த்தேன். ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டால் 17 மணி நேரம் போதும். பயணச்சீட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் போட்டிருந்தது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரத்தைக் கழித்தாலும் கணக்கு இடித்தது.

உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும் நியூயார்க் மேற்கு 74 பாகையிலும், அதாவது ஏறக்குறைய நேர் எதிர்ப்புறங்களில், இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. அந்த 15,350 அவ்வழிக்கு உரிய தூரம். எங்கள் விமானம் அப்பக்கம் போகவே இல்லை. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே கிழக்கு நோக்கிப் பறந்தது. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிப் போனாலும் அந்தச் சுற்று பெரிதாக உறைப்பதில்லை. முன் இருக்கையின் திரையில் தரைவேகம் 1,000 கிலோமீட்டரைக் கடந்ததைக் கண்டபோது, தூரத்தை மட்டும் பார்த்துப் பயண நேரத்தைக் கணிப்பது வீண் வேலை என்று தோன்றியது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்குப் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூரப் பயணத்துக்கான வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்; இருக்கைகளோ 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. கட்டணம் ஏன் அவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது வெளிச்சத்தின் போக்குதான். செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை பிறந்த சற்று நேரத்தில் புறப்பட்டோம். ஜப்பானுக்கு அருகே பொழுது விடிந்தது. நண்பகலுக்குப் பிறகு சர்வதேசத் தேதிக் கோட்டைக் கடந்ததும் திங்கட்கிழமைப் பிற்பகலுக்குத் திரும்பிவிட்டோம். அந்தத் திங்கட்கிழமைச் சூரியன் வட அமெரிக்கக் கண்டத்தை நெருங்கும்போது மறைந்தது. நியூயார்க்கில் இறங்கியபோது மீண்டும் அதே செவ்வாய்க்கிழமையின் விடியற்காலை.

நியூயார்க்கில் கோடைக்கால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் முறை) நடப்பில் இருக்கும்வரை இரு நகரங்களுக்கும் வித்தியாசம் சரியாக 12 மணி நேரம் என்பதால், முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் தொடவே வேண்டியதில்லை. நவம்பர் தொடங்கி மார்ச் வரை வித்தியாசம் 13 மணி ஆகிவிடும். அப்போது முள்ளை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்த வேண்டும். உடம்பு மட்டும் இந்தச் சௌகரியத்துக்கு இணங்குவதில்லை: நண்பகலில் கண்ணைச் சுழற்றும், நள்ளிரவில் பசிக்கும்.