வத்சல்யா நாலாயிரம்: ஃபைல் எங்கெல்லாம் நிற்கும், எப்படி நகர்த்துவது

தகப்பனை இழந்த ஒரு பிள்ளைக்கு, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வத்சல்யாவின் நிதி ஆதரவு ஆணை ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டது. மாதம் 4,000 ரூபாய். உசிலம்பட்டிப் பக்கம், தாய் விடியக்காலை மல்லிகைப்பூ பறிக்கப் போகிறவர். எந்த ஊர், எந்த வகுப்பு என்று இங்கே சொல்லப் போவதில்லை; காரணம் பின்னால் வரும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் அடுத்த பிள்ளையின் ஃபைல் இவ்வளவு இழுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திட்டம் பலருக்கும் தெரிந்ததுதான்; யார் கேட்கலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தாய் விதவையாகவோ விவாகரத்தானவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கலாம். பெற்றோர் இருவரும் இல்லாமல் பிள்ளை பாட்டி, சித்தி வீட்டில் வளரலாம். பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோயோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையோ இருக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும். அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள், குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கும், கலெக்டர் தலைமையிலான ஒப்புதல் குழு முடிவெடுக்கும். படிவம் இலவசம். வாட்ஸ்அப்பில் சுற்றும் படிவத்தைக் காசு கொடுத்து ஜெராக்ஸ் கடையில் வாங்கி நிரப்பிக்கொண்டு யாரும் போகவேண்டாம்.

எங்கள் ஃபைல் முதலில் நின்றது இறப்புச் சான்றில். இறந்தவர் இந்த ஊர்க்காரர் என்பதால் ஊர் வி.ஏ.ஓ.விடம் கேட்கச் சொல்லி ஒருவர் அனுப்பினார். அது வீண் அலைச்சல். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியில் இறந்தவருக்கு மதுரையில்தான் பதிவு இருக்கும். ஊரில் எத்தனை முறை கேட்டாலும் கிடைக்காது. அரசின் பிறப்பு இறப்பு இணையதளத்தில் பதிவு இருந்தால் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தேடும்போது ஆதாரில் உள்ள பெயரை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு 'பதிவே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அவசரத்தில் கூட வந்தவர் என்ன பெயர் சொன்னாரோ அதுதான் ஏறியிருக்கும்.

பெயர்ச் சிக்கல் இங்கே ஆரம்பித்து கடைசி வரை கூடவே வந்தது. நம் பக்கம் ஒரே ஆள் வீட்டில் பாண்டி, ரேஷன் கார்டில் முத்துப்பாண்டி, ஆதாரில் இடையில் இடம்விட்டு முத்து பாண்டி, இறப்புச் சான்றில் வெறும் முத்து. பிள்ளைக்கும் அப்படித்தான்: பிறப்புச் சான்றில் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' இருக்கும், எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் கணினிப் பதிவு) இருக்காது, ஆதாரில் தகப்பன் பெயர் முழுசாக ஒட்டியிருக்கும், பள்ளிப் பதிவேட்டில் முதலெழுத்து மட்டும் இருக்கும். நமக்கு ஒரே பெயராகத் தெரிவது கணினிக்கு இரண்டு பெயர். ஃபைலைத் தொடும் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு பிறப்புச் சான்று, ஆதார், எமிஸ், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் ஐந்திலும் பிள்ளை, தாய், தகப்பன் பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்து எழுதிப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான். இதைப் பள்ளியிலேயே செய்துவிட்டால் தாய்க்குப் பல நாள் கூலி மிஞ்சும்.

எதை எதற்குத் தகுந்தாற்போல் திருத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றைத்தான் அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதை வைத்து ஆதாரைத் திருத்தி, ஆதாரை வைத்து எமிஸையும் வங்கிக் கணக்கையும் திருத்த வேண்டும். தலைகீழாகப் போனால் ஒன்று சரியாகும்போது இன்னொன்று கெடும். ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீலநிற ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதான பிறகு கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முதல், இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு இது நிலுவையில் இருக்கும். அரசுப் பள்ளிகளுக்கே ஆதார் பதிவுக் கருவி வருகிறது. வட்டார வள மையத்தில் கேட்டு, கருவி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளை வரிசையில் முன்னால் நிறுத்துங்கள்.

அடுத்தது வருமானச் சான்று. பலருடைய விண்ணப்பம் தோற்பதே இங்கேதான். இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவர் தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லோருக்கும் போடுகிற தொகையையே போட்டுவிடுகிறார். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் அதையே மேலே அனுப்பிவிட, தாசில்தார் கையெழுத்தோடு 96,000 என்று சான்று வருகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு வரம்பு 72,000 என்பதால் அந்தச் சான்றால் ஒரு பயனும் இல்லை. பூப்பறிப்புக்குக் கிலோ கணக்கில் கூலி. பனிக்காலத்தில் பூ குறைந்தால் கூலியும் குறையும். அதையும் நூறுநாள் வேலைக் கூலியையும் சேர்த்து உண்மையான ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தாயின் கையில் கொடுத்து அனுப்புங்கள். கட்டணம் கட்டும் முன் திரையில் இருக்கும் தொகையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். குறைத்து எழுதச் சொல்லவில்லை, இருப்பதை எழுதினாலே போதும். அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர்ப் பக்கத்துப் பள்ளிகள் மாநகராட்சிக்குள் இருப்பதால் அங்கே நகர வரம்பு பொருந்தும்.

இ-சேவையில் இன்னொரு முட்டுக்கட்டை கேன் எண், அதாவது சான்றுக்கு விண்ணப்பிக்கத் தேவையான பதிவு எண். தாயின் கேன் எண் இறந்துபோன கணவரின் செல் எண்ணோடு பதிவாகியிருக்கும். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போகும். சிம் செத்துப் பல மாதம் ஆகியிருக்கும். தாயின் ஆதாரோடு தாயின் செல் எண்ணை முதலில் இணைத்துவிட்டு, பிறகு கேன் எண்ணில் செல் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். கணவர் இறந்த வீட்டில் அவருடைய சிம்மை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தால் பாதி வேலை சுலபம். துக்க வீட்டில் யாரும் இதைச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் கையில் இருக்க, 'ஆதரவற்ற விதவைச் சான்று இல்லாமல் ஃபைலை வாங்க முடியாது' என்று அந்தத் தாயைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சான்று கோட்டாட்சியர் வரை போகும் வேறு சமாச்சாரம். விசாரணை நடந்து கைக்கு வரவே வாரக்கணக்காகும். நிதி ஆதரவுக்கு அவர் விதவை என்பது தெரிந்தால் போதும். இறப்புச் சான்றே அதைச் சொல்லிவிடுகிறது. மேலதிகாரியைப் பார்த்தபோது இருந்த காகிதங்களையே வாங்கிக்கொண்டார்கள். ஒரு சான்று இல்லை என்று வாயால் சொல்லித் திருப்பினால், 'என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்' என்று பணிவாகக் கேளுங்கள். தேவையில்லாத காகிதம் பெரும்பாலும் எழுத்தில் வராது. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் எந்த மேசையையும் விட்டு நகராதீர்கள்.

கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை போவதைத் தவிர்க்கலாம். குறைதீர்க்கும் நாள் என்பதால் வளாகமே கூட்டமாக இருக்கும், நாம் பார்க்க வேண்டிய அலுவலரும் கூட்ட அரங்கில் இருப்பார். ஃபைல் எங்கோ முடங்கிவிட்டது, கலெக்டரிடமே மனு கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் திங்கள் நல்லது; அன்று கொடுக்கும் மனுவுக்குப் பதிவு எண் கிடைக்கும். உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய்த் திரும்பினால் ஒரு நாள் போச்சு. அந்த நாளில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிப்போவது என்பதையும் முன்பே பேசி வையுங்கள்.

தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளி நேரங்களில்தான். தாய் விடியலில் பூக்காட்டுக்குப் போனபின் பள்ளி திறக்கும் வரை பிள்ளை தனியாக இருக்கும். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கியது; அதற்குப் பிறகு இந்த நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்குச் சீக்கிரமே வந்துவிடும் பிள்ளைகளை ஒரு பெரியவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையல் செய்பவரிடமே அதையும் விட்டுவிடுவது சரியல்ல. அவருடைய கண் அடுப்பில் இருக்கும். மேலாண்மைக் குழுவில் முறை வைத்து ஒருவர் வரலாம்.

மாலையில் பிள்ளையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் யார் என்று தாயிடம் கேட்டு, இரண்டு பேரின் பெயர், உறவு, செல் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, தாயின் கையெழுத்து வாங்கி வையுங்கள். 'சித்தப்பா வந்திருக்கேன்' என்று புதிதாக ஒருவர் வந்தால், பிள்ளைக்கு அவரைத் தெரிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்தவர் என்பதாலேயே பாதுகாப்பானவர் ஆகிவிட மாட்டார். தாய்க்குப் போன் போட்டுக் கேட்டபிறகே அனுப்புங்கள். பிரிந்து போன தகப்பன் திடீரென்று வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கும் இதே நோட்டுதான் பாதுகாப்பு.

பிள்ளையின் பேச்சிலோ நடத்தையிலோ தப்பாக ஏதாவது பட்டால் இந்த ஃபைலோடு அதைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம். உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பாலியல் தொந்தரவு என்று சந்தேகம் வந்தால் போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியே விசாரித்து முடித்துவைக்க எந்த உரிமையும் இல்லை. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையவும் கூடாது. அது தானாகச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வைத்தால் போதும்.

இப்போது வங்கி. பிள்ளை பெயரில், தாய் காப்பாளராக இருக்கும் கணக்கு வேண்டும். உதவித்தொகைக்காக ஏற்கெனவே தொடங்கிய கணக்கு இருந்தால் அதையே கொடுக்கலாம் என்று தோன்றும். இரண்டு ஆண்டுகளாகப் போடலும் எடுப்பும் இல்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். முடங்கியிருந்தால், ஃபைலில் எண் சரியாக இருந்தாலும் பணம் திரும்பிப் போகலாம். முதலில் நூறு ரூபாய் போட்டு, பாஸ்புக்கில் வரி விழுகிறதா என்று பாருங்கள். 'ஆதார் கொடுத்தாச்சு' என்று தாய் சொல்வதும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதார் இணைக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. வங்கிக் கவுண்டரில் அந்த இணைப்புக்கென்று தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் படிவமே தெரியாது என்று சாதித்த ஒரு கிளையில், மேலாளர் மேசைக்குப் போன பிறகு அரை நாளில் வேலை முடிந்தது. அந்தத் தாய் பாஸ்புக்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது எங்களுக்கும் மூச்சு வந்தது.

வீட்டு விசாரணை சுமுகமாக முடிந்தது. வந்தவர் நல்லவிதமாகவே பேசினார்.

ஆணை வந்ததும் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளையை மேடையேற்றிக் கைதட்டுவதும், படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் நல்ல எண்ணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், மறுநாள் வகுப்பில் 'உனக்குத்தான் கவர்மெண்டு காசு தருதாமே' என்று இன்னொரு பிள்ளை கேட்டால் இந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

பணம் மாதாமாதம் ஒரே தேதியில் வந்துவிடும் என்று தாயிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். சில மாதம் சேர்ந்து ஒன்றாக விழலாம். பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காக வருவது இந்த உதவிக்கு நிபந்தனை. நீண்ட நாள் வராமல் போனாலோ, விடுதியில் சேர்ந்துவிட்டாலோ உதவி நிறுத்தப்படும். அம்மை, டெங்கு என்று படுத்துவிட்டால் மருத்துவச் சீட்டின் நகலை ஃபைலில் போட்டு வையுங்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டோ கடும் நோயிலோ சிறையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கும் தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தனியாக இருக்கிறது. அதையும் பாதுகாப்பு அலகிலேயே கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போதுதான் கவனம் தேவை. எமிஸில் பிள்ளையை மாற்றிவிட்டாலும் பாதுகாப்பு அலகுக்கு அது தானாகத் தெரியாது. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே புதிய பள்ளியின் பெயரை எழுதிப் பாதுகாப்பு அலகுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். ஆணை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பெயர்க் கட்டம் போட்ட தாள், முத்திரை வாங்கிய மனு நகல் இவற்றின் ஒரு தொகுப்பைத் தாயிடமும், ஒட்டிய உறையில் இன்னொன்றைப் புதிய தலைமையாசிரியரிடமும் நேரில் கொடுத்துவிடுங்கள்.