லேப்டாப் ஸ்பீக்கரில் டிக் டிக்: வைஃபை கார்டைக் கண்டுபிடித்த கதை

வீடியோக்களுக்கு வசன வரிகள் எழுதுவது என் வேலை. ஒருவர் பேசி நிறுத்தும் இடம், இன்னொருவர் தொடங்கும் இடம் எல்லாவற்றையும் காதால் பிடித்துத்தான் வரிகளுக்கு நேரம் குறிக்க வேண்டும். அந்த இடைவெளிகளில் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மெல்லிய சத்தம்தான், ஆனால் அவ்வளவு சீராக விழுந்தது. பெரிய ஃபைல் எதையாவது அப்லோடு செய்தால் அதுவே கரகரவென்று மாறிவிடும்.

சர்வீஸ் கடையில் காட்டினேன். "ஸ்பீக்கர் போயிடுச்சு சார், ஜோடியா மாத்திடலாம்" என்றார்கள். ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் சத்தத்தைக் கூட்டும்போது அதிரும். ஒன்றுமே ஓடாதபோது தாளம் தவறாமல் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருக்காது. மாற்ற வேண்டாம் என்று திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த மாதிரி சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு ஒலித் தரவிலேயே இருக்கிறதா, அல்லது அது மின்சார அலையாக மாறிய பிறகு வழியில் சேருகிறதா? ஒலியை மியூட்டில் போட்டுப் பார்த்தேன், டிக் டிக் நிற்கவில்லை. போர்டுக்கு வெளியே ஒலியை உருவாக்கும் யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றைச் செருகி அதில் ஹெட்போனை மாட்டினேன், சுத்தமாக இருந்தது. லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளையிலோ லேசாகக் கேட்டது. ஆக, தரவில் குறை இல்லை. போர்டுக்குள் எங்கோ சேருகிறது.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. பாட்டு நின்ற சில நொடிகளில் பல லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆடியோ சிப்பைத் தூங்கவைத்துவிடும். அதோடு இந்தச் சத்தமும் நின்றுபோகும். பாட்டு ஓடினால்தான் சத்தம் வருகிறது, அதனால் பாட்டு ஃபைலில்தான் கோளாறு என்று தோன்றும். ஒலியே இல்லாத ஆடியோ ஃபைல் ஒன்றை ஓடவிட்டுச் சோதித்தால் இந்தக் குழப்பம் வராது.

சார்ஜரைக் கழற்றினேன், மாற்றம் இல்லை. எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட் தரும் இரைச்சல் இது இல்லை என்று அதில் தெரிந்தது. அப்புறம் வைஃபையை அணைக்கும் ஏரோப்ளேன் மோடை அழுத்தினேன். அந்த நொடியே அமைதி. சந்தேகம் லேப்டாப்புக்குள் வைஃபையைக் கவனிக்கும் கார்டின் மேல் விழுந்தது.

பழைய மொபைல் போனுக்கு அழைப்பு வருவதற்கு முன்னால் பக்கத்து ரேடியோ கடகடக்குமே, இது அதே குடும்பம். ஜிஎஸ்எம் என்ற அந்தப் பழைய வகை போன் பேசும்போது நொடிக்கு சுமார் 217 முறை அலையை விட்டு விட்டு அனுப்பும். அந்தத் துடிப்புதான் ரேடியோவில் இரைச்சலாக விழும். வைஃபை கார்டின் துடிப்பு வேறு. பெரும்பாலான ரவுட்டர்கள் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 10 தடவை, பீக்கன் என்ற சிறு அறிவிப்பை அனுப்பும். பவர் சேவிங்கில் இருக்கும் கார்டு அதைக் கேட்க விழித்துவிட்டு உடனே மறுபடி தூங்கப் போய்விடும். ஒவ்வொரு விழிப்பிலும் அது சட்டென்று மின்சாரத்தை இழுக்கும். அந்த இழுப்பு ஆடியோ பகுதிக்குப் போகும் மின்னோட்டத்தையும் அசைத்தால் ஒரு டிக்.

நம் வீட்டிலும் இதுதானா என்று உறுதிப்படுத்த ஆசை வந்தது. ரவுட்டரின் செட்டிங்ஸில் பீக்கன் இன்டர்வல் என்று ஒரு கட்டம், அதில் 100 என்று இருந்தது (இதில் ஓர் அலகு 1.024 மில்லிசெகண்டு, அதனால்தான் 102.4). அதை 200 ஆக்கிச் சேமித்தேன். ரவுட்டர் திரும்ப எழுந்து லேப்டாப் இணைந்ததும் காதை ஸ்பீக்கரில் வைத்தேன். டிக்... டிக்... டிக். வேகம் அப்படியே பாதியாகியிருந்தது! இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டாம். மறுபடி 100 ஆக்கிவிட்டேன்.

வழி எளிதுதான். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ். அங்கே பவர் சேவிங் மோடை மேக்ஸிமம் பர்ஃபார்மன்ஸ் ஆக்கினேன். டிக் டிக் போய்விட்டது. சில புது லேப்டாப்களில் இந்த வரி தெரியாது, டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் தேட வேண்டும். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற லினக்ஸ் வைத்திருந்தால் நெட்வொர்க் மேனேஜரின் வைஃபை பவர்சேவ் கோப்பில் 3 என்று இருப்பதை 2 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

அப்லோடு நேரத்துக் கரகரப்பு மட்டும் ஸ்பீக்கரில் மிச்சம் இருந்தது. ஹெட்போனில் அது இல்லை. ஸ்பீக்கர் ஒயரைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று பின்மூடியைத் திறந்தேன். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட வேண்டும், இதில் சமரசமே கூடாது. வைஃபை கார்டு ஒரு தபால்தலை அளவுதான். அதிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆன்டெனா ஒயர்கள் கீல் வழியாகத் திரைக்கு ஏறுகின்றன. கறுப்பு ஒயர் தன் கொக்கியிலிருந்து நழுவி, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்மேல் ஒரு விரல் நீளத்துக்குப் படுத்திருந்தது. அதைத் திரும்பக் கொக்கிக்குள் செருகி, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டினேன். கார்டைப் பிடிக்கும் திருகும் லேசாக ஆடியது, இறுக்கினேன். ஆன்டெனா முனைகளை நான் தொடவே இல்லை. அந்தச் சிறு கனெக்டர்கள் சுமார் 30 தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டவை, சும்மா கழற்றிப் பார்க்கக் கூடாது.

மூடியை மாட்டிப் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடுக்குப் போட்டேன். கரகரப்பு இல்லை. ஏரோப்ளேன் மோடிலும் அதே அமைதிதானா என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரே மாதிரி இருந்தது.

நண்பர் ஒருவருக்கு வந்தது வேறு வகை. பாட்டு ஓடும்போது மட்டும் படபடவென்று வெடிக்கும், மியூட் செய்தால் நிற்கும். அவர் லேப்டாப்பில் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டோம். விண்டோஸின் நெட்வொர்க் பகுதி பிராசசரை அதிக நேரம் பிடித்துவைக்கிறது என்று காட்டியது. அந்த நேரத்தில் ஆடியோவுக்குத் தரவு வந்து சேராமல் இடைவெளி விழும், அதுதான் வெடிப்பு. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து புது வைஃபை டிரைவரைப் போட்டதும் சரியானது. இதற்கு மூடியைத் திறந்து எந்தப் பயனும் இருந்திருக்காது.

பவர் சேவிங்கை நிறுத்தினால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அந்த செட்டிங்கில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. சார்ஜரில் இருக்கும்போது மட்டும் மேக்ஸிமம் என்று வைத்திருக்கிறேன், என் வேலை முழுக்க மேஜையில்தான் என்பதால் அது போதுமாக இருக்கிறது.