ஏறும்போது வராத முட்டி வலி

சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை உச்சிக்கு ஏறுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மொத்த உயரமே 163 மீட்டர்தான். இறங்கும்போதுதான் தொல்லை. படிக்கட்டில் கால் வைத்ததும் இடது முட்டிச் சில்லுக்குப் பின்னால் மந்தமான ஒரு வலி தொடங்கும். மறுநாள் அலுவலகத்தில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் அதே இடம் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாள் சும்மா இருந்தால் போய்விடும். நம்பி சைக்கிளை எடுத்து சாங்கி வரை ஓட்டிவிட்டு, அந்த வாரமே மலைக்கும் போனால் திரும்ப வந்து நிற்கும். ஓராண்டுக்கு மேல் இப்படியே ஓடியது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். தேக்கா சந்தையில் தைலம், முஸ்தஃபா கடையில் முட்டி உறை. "நாப்பது தாண்டினா அப்படித்தான் தம்பி, சைக்கிள வித்துடு" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். தைலம் இதமாகத்தான் இருந்தது, குறை சொல்லமாட்டேன்.

பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசு பாலிகிளினிக்கில், மருத்துவர் மூன்று கேள்வி கேட்டார். முட்டி வீங்குகிறதா? மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறதா? நடக்கும்போது திடீரென்று பிடிமானம் இழந்து மடங்குகிறதா? இதில் எது இருந்தாலும் குருத்தெலும்பு, தசைநார் கிழிசலைச் சந்தேகிக்க வேண்டுமாம். எனக்கு மூன்றுமே இல்லை. எக்ஸ்ரேயிலும் குறை தெரியவில்லை. எம்ஆர்ஐ வேண்டாமா என்று கேட்டேன், இப்போதைக்குத் தேவையில்லை என்றார். முட்டிச் சில்லும் தொடை எலும்பும் சேரும் இடத்தில் தாங்கும் அளவுக்கு மேல் சுமை விழுந்து வரும் வலி இது, சைக்கிளோட்டிகளுக்கும் ஓடுபவர்களுக்கும் சாதாரணம் என்று சொல்லி, பிசியோதெரபிக்குக் கடிதம் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் இந்தக் கடிதம் முக்கியம். முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் இளம் பெண். முட்டியை அமுக்கிப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். தாழ்வான ஒரு படியில் ஒற்றைக் காலில் நிற்கவைத்து, மற்ற காலின் குதிகாலை மெதுவாகத் தரையில் தொடச் சொன்னார். எதிரே கண்ணாடி. வலது காலில் நின்றபோது ஒன்றுமில்லை. இடது காலில் நின்றபோது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது, இடுப்பு ஒரு பக்கம் தொங்கியது. எனக்கே ஆச்சரியம். மணிக்கணக்காகப் பெடல் மிதிக்கிற காலில் இடுப்புப் பக்கத் தசைக்குப் பலம் போதவில்லை. சைக்கிளில் கால் முன்னும் பின்னுமாகத்தான் போகிறது, பக்கவாட்டுத் தசைக்கு அங்கே வேலை குறைவு என்று விளக்கினார்.

"ஓய்வெடுத்தா வலி போயிடும் அண்ணா. ஆனா கால்ல இருக்கிற பலமும் கூடவே போயிடும். அப்புறம் பழைய தூரமே அதுக்குப் பாரமாயிடும்."

ஓராண்டாக வலி போவதும் வருவதுமாக இருந்ததற்கு அதுதான் விடை. பயிற்சிகள் சலிப்பானவை: பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, அதே படியில் மெதுவாக இறங்குவது. செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும், திரும்பாவிட்டால் அளவைக் குறை என்பது விதி. முட்டி உறையைவிட எனக்கு இந்த விதிதான் உதவியது. வலித்தால் நிறுத்து என்று மட்டும் சொல்லியிருந்தால் பயத்திலேயே படுத்திருப்பேன்.

சைக்கிள் கடை அங்கிள் தன் பங்குக்கு சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார். சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், அதிகம் உயர்ந்தால் பின்பக்கம் இழுக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், என் கால் நன்றாகவே மடங்கியிருந்தது. ஒரேயடியாக ஏற்றாமல் சில மில்லிமீட்டராக ஏற்றினோம். கியர் விஷயமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் எதிர்காற்றில் கனமான கியரை அழுத்தி அழுத்தி மிதிப்பது என் வழக்கம், அதில் ஒவ்வொரு மிதியும் முட்டிக்குச் சுமை. இப்போது லேசான கியரில் நிமிடத்துக்கு 80, 90 சுற்று. நண்பர்கள் முந்திப் போகிறார்கள், போகட்டும்.

மலைக்குப் பதில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் படிக்கட்டு. மேலே நடந்து ஏறுவேன், கீழே மின்தூக்கியில் வருவேன். இறக்கம்தான் பிரச்சினை என்றால் அதைத் தற்காலிகமாகக் கழித்துவிடலாமே! இந்த ஊரில் அதற்கு வசதிக்குக் குறைவில்லை. கால் தேறியபின் கடைசிச் சில மாடிகளை மட்டும் நடந்து இறங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். பொட்டலங்களோடு வரும் விநியோக ஊழியர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வலி முற்றிலும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பயிற்சியைக் கொஞ்ச காலம் விட்டால் எட்டிப்பார்க்கிறது. ஆனால் மலேசியாவின் ஜொகூரில் 1,276 மீட்டர் உயர லேடாங் மலைக்கு அண்மையில் போய்வந்தேன். இறங்கும்போது இரண்டு கைத்தடி, சின்னச் சின்ன அடி. குழுவில் "தாத்தா வர்றார், வழி விடுங்க" என்று கிண்டல் செய்த தம்பி, பாதி இறக்கத்தில் ஒரு தடியைக் கடன் கேட்டான். கொடுத்தேன்.