ஒரு நிஃப்டி என்ன விலை?

அக்கா மகனுக்குச் சென்னையில் வேலை கிடைத்து நாலு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை கடையில் பெயிண்ட் டப்பா இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் போன் செய்தான். "மாமா, நிஃப்டி 25,000-ல நிக்குது. என் சம்பளத்துக்கு மாசம் ஒண்ணுதான் வாங்க முடியும் போல. கொஞ்சம் இறங்கட்டும்னு பார்க்கிறேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆரம்பத்தில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இவன் கேட்டுவிட்டானே, அந்த வகையில் கெட்டிக்காரன்.

நிஃப்டி என்பது வாங்குகிற பொருள் இல்லை, தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் பங்கு நிலவரத்தை ஒரே எண்ணில் சொல்லும் குறியீட்டெண். 25,000 என்பது ரூபாயும் இல்லை. 1995 நவம்பர் 3 அன்று நிஃப்டிக் கம்பெனிகளின் சந்தை மதிப்பு எவ்வளவு இருந்ததோ, அதை 1,000 என்று வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து எத்தனை மடங்கு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 25,000 என்றால் முப்பது வருடத்தில் 25 மடங்கு. கூட்டு வட்டிக் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 11 சதவீதம். கம்பெனிகள் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுத்த டிவிடெண்ட் இதில் சேராது, அது தனி. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸும் இதே கதைதான்: 30 கம்பெனிகள், 1978-79-ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய கணக்கு.

எங்கள் ஊர் விருதுநகர். துவரை, உளுந்து, மல்லி, வத்தல், டின் எண்ணெய் என்று வரிசையாகப் போடும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பா அதை வரிவரியாகப் படிப்பார். அம்மாவுக்கு அத்தனை வரியும் வேண்டாம், "மொத்தத்துல ஏறியிருக்கா, இறங்கியிருக்கா?" என்ற ஒரே கேள்விதான். குறியீட்டெண் அம்மாவுக்கான பதில். ஆனால் எல்லாச் சாமானுக்கும் ஒரே எடை கிடையாது. அரிசி கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் வீட்டுக் கணக்கு இடிக்கும். பெருங்காயம் இரண்டு மடங்கு ஆனாலும் யாருக்கும் தெரியாது. நிஃப்டியில் அரிசி என்றால் பெரிய வங்கிகள். வங்கியும் நிதிக் கம்பெனிகளும் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் பிடித்திருக்கின்றன. "50 கம்பெனியில பரவலா போட்டிருக்கேன்" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு தூங்கட்டும்.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பெனியின் மொத்த மதிப்பு இல்லை, அதன் பங்குகளில் சந்தையில் புழங்குகிறவற்றின் மதிப்பே கணக்கு. ஃப்ரீ ஃப்ளோட் என்பார்கள். எல்ஐசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அரசு விற்றது வெறும் 3.5 சதவீதம். மீதி 96.5 அரசின் பீரோவிலேயே இருந்துவிட்டது. தெருவுக்கு ஒரு ஏஜெண்ட் இருக்கிற கம்பெனி, ஆனால் நிஃப்டி 50-ல் தேடினால் கிடைக்காது.

நிஃப்டியின் 50 பேர் பட்டியல் நிரந்தரமும் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை புரட்டிப் பார்த்துத் தேறாததை எடுத்துவிட்டு வேறு சேர்க்கிறார்கள். அவசரம் என்றால் நடுவிலும் நடக்கும். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் பொய் எழுதியதாகச் சத்யம் சாஃப்ட்வேர் கம்பெனியின் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். பங்கு விலையில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே நாளில் கரைந்தது. அதே மாதம் நிஃப்டியிலிருந்தும் சென்செக்ஸிலிருந்தும் அதைத் தூக்கிவிட்டார்கள். தனியாக அந்தப் பங்கை மட்டும் வைத்திருந்தவர் தலையில் கை வைத்தார். குறியீட்டில் உள்ள எல்லாப் பங்கையும் வைத்திருந்தவருக்கு அது ஐம்பதில் ஒன்று. குறியீட்டில் உள்ள பங்குகளை அதே எடையில் வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் என்று பெயர். எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான். எந்தக் கம்பெனி பொய் சொல்கிறது என்று பெயிண்ட் கடையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க என்னால் ஆகாது.

வாங்குவது பெரிய வித்தை இல்லை. மாதம் 500 ரூபாயிலேயே எஸ்ஐபி, அதாவது மாதத் தவணை, போடலாம். பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்குகூட வேண்டாம், பான் கார்டும் கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பும் போதும். எல்லா நிஃப்டி ஃபண்டும் வைத்திருப்பது அதே 50 பங்குகளைத்தான் என்பதால் ஃபண்டை நடத்த நம் பணத்தில் எடுக்கும் செலவு விகிதம் எதில் குறைவு, எது குறியீட்டை விட்டு விலகாமல் போகிறது என்று பார்த்தால் சரி. ஃபண்ட் கம்பெனியிடம் நேராக வாங்கும் டைரக்ட் பிளானையே எடுங்கள், ரெகுலரில் இடைத்தரகர் கமிஷன் வருடாவருடம் உங்கள் பணத்திலிருந்துதான் போகும். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நிஃப்டி ஃபண்ட் ஒன்று, சென்செக்ஸ் ஃபண்ட் ஒன்று வாங்குவது, இட்லி சலித்துவிட்டது என்று அதே மாவில் தோசை சுடுகிற வேலை.

கஷ்டமெல்லாம் வாங்கிய பிறகுதான். 2008 ஜனவரியில் நிஃப்டி 6,300-ஐ ஒட்டி இருந்தது. அதே வருடம் அக்டோபரில் 2,500 பக்கம் வந்தது. 2013 முடியும்போது எவ்வளவு தெரியுமா? மறுபடி அதே 6,300. ஆறு வருடம் ஓடி, நின்ற இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. மூன்று வருடத்தில் தங்கச்சி கல்யாணத்துக்குத் தேவைப்படும் பணத்தை இதில் போடாதே என்று மருமகனிடம் சொன்னது இதனால்தான்.

என் கதையும் பெருமைப்படும்படி இல்லை. 2020 மார்ச் 23, திங்கட்கிழமை. நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. மறுநாள் கொரோனா ஊரடங்குக்காகக் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எப்போது திறப்போம் என்று தெரியவில்லை. கையில் காசு இல்லாமல் இல்லை, பயம்தான். மாதம் 5,000 போய்க்கொண்டிருந்த எஸ்ஐபியை நிறுத்தினேன். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டுத் தவணை, 40,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. நவம்பர் கடைசியில் நிஃப்டி 13,000-ஐத் தொட்ட பிறகுதான் தைரியம் வந்து டிசம்பரில் மறுபடி ஆரம்பித்தேன். பருப்பு மலிவாக விற்றபோது பையைச் சுருட்டி வைத்துவிட்டு, விலை ஏறிய பிறகு கடைக்குப் போனவன் நான். ஒரு வியாபாரி செய்கிற வேலையா இது? இதையும் அவனிடம் மறைக்கவில்லை.

மருமகன் இந்த மாதம் 3,000 ரூபாயில் தொடங்கிவிட்டான். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன். "மாமா, இன்னிக்கு 200 பாயிண்ட் அவுட்!"

"சதவீதத்துல சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "0.8."

"உன் 3,000-ல எவ்வளவு?"

"24 ரூபாய், மாமா."

ஒரு டீ, ஒரு வடை. போய்த் தூங்குடா என்றேன்.