மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாசகர்

காமிக்ஸ் ரசிகர்களும் ஓவியர்களும் கூடும் பெங்களூரு காமிக் கான் விழாவுக்கு நான் வரைந்த புத்தகத்தை விற்கப் போகும்போதெல்லாம் நான் பிருந்தாவன் எக்ஸ்பிரஸைத்தான் பிடிப்பேன். காலையில் சென்னை சென்ட்ரலில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கே.ஆர்.புரம் வந்துவிடும். அங்கேயே இறங்கி மெட்ரோ பர்ப்பிள் லைனில் மாறினால் நேராக ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்விடலாம். ஊருக்குள் நுழைந்து டிராஃபிக்கில் மாட்ட வேண்டியதில்லை. 2023-இல் இந்தப் பாதை முழுசாகத் திறப்பதற்கு முன்னால் புத்தகப் பெட்டிகளோடு ரோட்டில் நின்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியிருந்தது. காமிக்ஸ் புத்தகம் பார்க்க ஒல்லியாகத்தான் இருக்கும். ஆர்ட் பேப்பரில் அச்சடித்த நூறு பிரதிகளைத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

ரயில் ஆட்டத்தில் இங்க் போட முடியாது. பென்சிலால் அடுத்த கதைக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் போட்டுப் பார்க்கலாம். காட்பாடி தாண்டியதும் நான் அதைத்தான் செய்வேன். எதிர் சீட்டில் ஒரு பையன் இருந்தால் ஜோலார்பேட்டைக்குள் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பான்.

ஒயிட்ஃபீல்டில் கே.டி.பி.ஓ. என்ற கண்காட்சி வளாகத்தில்தான் கூட்டம். முந்தின நாள் சாயங்காலமே போய் மேஜையைத் தயார் செய்துவிட வேண்டும். எங்களை மாதிரி ஓவியர்களுக்கு ஆர்ட்டிஸ்ட் ஆலி என்று தனி வரிசை உண்டு. ஆளுக்கு ஒரு மேஜை, நாற்காலி. கொண்டுபோன துணியை விரித்து, பின்னால் ஸ்டாண்டி என்கிற விளம்பரப் பலகையை நிறுத்தி, முன்னால் புத்தகத்தை அடுக்கி, க்யூஆர் அட்டையைக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டினால் கடை தயார். சினிமா, கேமிங் கம்பெனிகளின் பெரிய பெரிய ஸ்டால்கள் வேறு பக்கம் விளக்கும் சத்தமுமாக இருக்கும். காஸ்பிளே, அதாவது கதை நாயகர்களின் வேஷம், போட்டுக்கொண்டு வருகிறவர்களைச் சுற்றி எப்போதும் செல்ஃபிக் கூட்டம். இந்தியாவில் இந்தக் காமிக் கான் 2011-இல் டெல்லி தில்லி ஹாட் சந்தையில் ஆரம்பித்தது. இதற்கெல்லாம் மூத்ததான சாண்டியாகோ காமிக் கானே 1970-இல் ஒரு ஹோட்டலில், சில நூறு பேரோடு தொடங்கியதுதான். அங்கே இன்று லட்சத்துக்கும் மேலே ஆட்கள் வருகிறார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக மேஜை போட நினைப்பவர்களுக்கு உதவும். மேஜை வாடகை, ரயில், தங்கும் அறை, அச்சுச் செலவு இத்தனையையும் மீட்டுத் தருவது தனித்தாளில் அச்சடித்த படங்களான பிரிண்ட்டும் ஸ்டிக்கரும்தான். ஸ்பைடர்மேனையோ ஜப்பான் காமிக்ஸ் நாயகன் நருட்டோவையோ ஏ4 அளவில் போட்டு வைத்தால் பிள்ளைகள் தூரத்திலிருந்தே ஓடி வருவார்கள். நாம் உருவாக்கிய ஆளைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அவனை இன்னும் யாருக்கும் தெரியாதே! அதனால் பல ஓவியர்கள் மேஜை முழுக்கப் பிரபலமான முகங்களையே பரப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வீட்டு வாடகை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்த முகங்களின் உரிமை வேறொருவருடையது. பத்து வருஷம் அதையே வரைந்தாலும் நமக்கென்று ஒரு கதை சேராது. என் மேஜையில் நடு இடம் என் புத்தகத்துக்குத்தான்.

காசிமேடு துறைமுகத்தில் நடக்கிற கதை அது. 32 பக்கம், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. ஒரு பக்கத்தைப் பென்சிலில் வரைந்து, இங்க் போட்டு, வசன பலூனில் எழுத்து நிரப்பி முடிக்க எனக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். படிக்கிறவர் அரை நிமிஷத்தில் அதைத் தாண்டிவிடுவார். அந்த அரை நிமிஷத்தில் அவர் கண் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ள வழியே இல்லை. காமிக் கானில் அது கண் முன்னால் நடக்கும். நான் இவ்வளவு தூரம் பெட்டி சுமந்து போவதே அதற்காகத்தான்.

நின்றபடி புரட்டுகிறவர்களில் நிறையப் பேர் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். இடது கட்டைவிரலால் தாளைச் சரசரவென்று விடுவார்கள். இதைப் பார்த்த பிறகு கடைசி இரண்டு பக்கங்களில் கதையின் முடிவை வைப்பதே இல்லை. அங்கே வரைவுப் படங்களைப் போட்டுவிடுகிறேன். அப்புறம், புத்தகத்தைத் திறந்ததும் கண் இரண்டு பக்கத்தையும் ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளும். வலது பக்கத்தின் நடுவில் ஓர் அதிர்ச்சியை வைத்தால் இடது பக்கம் படிக்கும்போதே அது வீணாகிவிடும். தாளைத் திருப்பியதும் வருகிற முதல் கட்டம்தான் அதற்குச் சரியான இடம். நம்முடைய தொழிலில் பழகியவர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம்தான் இது. ஆனாலும் ஒருவர் தாளைத் திருப்பி, புருவத்தை உயர்த்தி, மறுபடி முந்தின பக்கத்துக்குப் போவதை எதிரே நின்று பார்க்கும் சந்தோஷமே தனி.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள்.

"தம்பி, இது தமிழா?"

"ஆமா சார். இங்கிலீஷ்லயும் இருக்கு."

"தமிழே குடுங்க. அல்சூர்லதான் பொறந்து வளர்ந்தேன். இவளுக்குப் பேச வரும், படிக்க வராது."

அங்கேயே மேஜை ஓரமாக நின்று பலூனில் விரல் வைத்து மகளுக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார். அவருடைய கண் எழுத்தின் மேலேயே இருந்தது. மகள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். வலை பின்னுகிற பக்கம் வந்தது. அதில் ஆறு கட்டங்கள், வசனமே கிடையாது. அப்பா திருப்பப் போனார். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"அப்பா, இருங்க. இவன் கையில பாருங்க, நீலக் கயிறு. மோட்டார் காணாமப் போன இடத்துலயும் இதே கயிறுதான் கிடந்துச்சு."

திருடன் யார் என்று அப்பாவுக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கயிற்றை நான் இரண்டே இடத்தில் நீல வண்ணம் தீட்டியிருந்தேன். எழுத்துத் தெரியாத பிள்ளை படத்தை எவ்வளவு உன்னிப்பாகப் படிக்கிறது!

போகும்போது அந்த அப்பா, "இரும்புக்கை மாயாவி படிச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். தமிழில் காமிக்ஸ் வரைகிறவனிடம் இந்தக் கேள்வி வராமல் ஒரு கூட்டமும் முடிவதில்லை. மாயாவி ஒரு காமிக்ஸ் நாயகன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைத் தமிழில் கொண்டுவந்தது. மூலக்கதை பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962-இல் தொடங்கியது. அதற்குப் படம் வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். மாயாவியைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. கறுப்பு மையில் அவர் போட்ட நிழல்களைப் பார்த்துத்தான் நானும் தூரிகை பிடித்தேன். தன் பக்கங்களைத் தமிழ்நாட்டில் ஒரு பையன் எப்படிப் படிக்கிறான் என்று எதிரே நின்று பார்க்கிற வாய்ப்பு அவருக்கு இருந்திருக்காது. அந்த வாய்ப்பு எங்களுக்கு இருக்கிறது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

ஈரோட்டில் ஆகஸ்டில் புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன், முத்து காமிக்ஸ் இதழ்களின் வாசகர்கள் கூடுவார்கள். அங்கே காஸ்பிளே கிடையாது. நரைத்த தலைகள், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய பழைய பிரதிகள், எந்த இதழில் எந்தக் கதை என்ற வாதம். பெங்களூரில் சின்னப் பிள்ளைகள், ஈரோட்டில் அவர்களுடைய தாத்தா வயதுக்காரர்கள். இரண்டு இடத்துக்கும் போகிற ஓவியனுக்குத்தான் வாசகர் யார் என்று முழுசாகத் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் ஓவியர்கள் எல்லோரும் மேஜை மேஜையாகப் போய்ப் பிரிண்ட்டை மாற்றிக்கொள்வோம். பக்கத்து மேஜைக்காரி, மைசூர்க்காரப் பெண், இரண்டு நாளும் நான் சாப்பிடப் போகும்போது என் கடையைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய நாய்க்குட்டிக் கதைப் புத்தகம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

என் கதையின் இரண்டாம் பாகத்தில் வசனமில்லாத பக்கங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் சென்னையிலேயே வைக்க ஆசை. இங்கே நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பிப்ரவரியில்தான் முதல் காமிக் கான் நடந்தது. எனக்கு அங்கே மேஜை கிடைத்தால் வாருங்கள். வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நின்றபடியே முழுசாகப் படித்துவிட்டுப் போகலாம்.